கந்தோர் ஒண்டு குறையுது

இப்போதெல்லாம் எங்கள் சிலாவத்துறை பஸ் மன்னாரிலிருந்து பின்னேரம் நாலரைக்குச் சரியாக வெளிக்கிடுகிறது. நாலு இருபத்தொன்பதுக்குக் கொண்டக்டர் ஏறுவார். சேட்டில் ஒரு சுருக்கம் இருக்காது. எல்லோருக்கும் வணக்கம் சொல்லுவார். நாலரைக்கு மணியை இழுப்பார், பஸ் போய்விடும். போன கிழமை என்னை விட்டுவிட்டுப் போனது. அதற்கு முதல் கிழமை, ஆஸ்பத்திரியில் மருந்துக்கு வரிசையில் நின்ற ஒரு உம்மாவை விட்டுவிட்டுப் போனது. அவர் கிளினிக் கொப்பியைத் தூக்கிக் காட்டிக்கொண்டு பஸ் நிலையத்து வளைவில் ஓடிவந்ததை நான் யன்னலால் கண்டேன்.

"அண்ணை, ஒராள் வாறா!" என்று கத்தினேன்.

"நேரம் வந்திட்டுது தங்கச்சி" என்றார், கோபமே இல்லாமல்.

இந்த மனிதரில் குறைசொல்ல ஒன்றும் கிடையாது. சிறந்த சேவைக்கென்று மேலிடத்தில் கேடயம் வாங்கியவர். எனக்கு அதுதான் ஆத்திரம்.

அவருக்கு முதல் எங்கள் பஸ்ஸில் நின்ற கொண்டக்டரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அவருடைய பெயரைச் சொல்லப் போவதில்லை. அவரும் எங்களில் ஒருவருடைய பெயரையும் ஒருநாளும் சொன்னதில்லை.

கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிற குடும்பம். காக்கிச் சட்டையின் மேல் பொத்தான் எப்போதும் திறந்திருக்கும். முகம் எப்போதும் மூடியிருக்கும். காலையில் ஏறும்போதே பேச்சு விழத் தொடங்கும். மீன் பெட்டியை ஏன் வழியில் வைத்தாய், குடையை ஏன் விரித்தபடி ஏறினாய், பிள்ளைக்கு ஏன் இன்னும் மூக்குத் துடைக்கவில்லை. இவ்வளவும் சொல்லி முடித்தபிறகு ஒரு கேள்வி கேட்பார்.

"மன்னாரில எங்க?"

எங்கே இறங்குகிறாய் என்ற கேள்வி அல்ல. என்ன அலுவலாகப் போகிறாய் என்ற கேள்வி. அரசாங்க அதிபரின் கச்சேரிக்கா, ஆஸ்பத்திரிக்கா, வழக்குக்குக் கோட்டுக்கா, வங்கிக்கா. முதல்நாள் என்னிடம் கேட்டபோது எனக்குக் கோபம் ஏறிவிட்டது.

"ரிக்கற் தாறதுக்கு அதுவும் உங்களுக்குத் தெரியவேணுமோ?"

"சொல்லேலாதெண்டா இறங்குங்கோ, அடுத்த பஸ்ஸில வாங்கோ."

அடுத்த பஸ் என்று ஒன்று கிடையாது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "கந்தோருக்கு" என்றேன். அன்றிலிருந்து அவருக்கு நான் கந்தோர். அதுவும் வேறெந்தக் கந்தோருமில்லை, அவருடைய பஸ் போய்வருகிற அதே டிப்போவின் கந்தோர். நான் அங்கே அமய அடிப்படையில், நிரந்தரமில்லாத எழுதுவினைஞராகச் சேர்ந்திருந்தேன். அதற்காக ஒரு சொல் மரியாதை கூடக் கிடைத்ததாக நினைக்கவேண்டாம்.

அலுவலைக் கேட்பது எதற்கென்று அன்று பின்னேரம்தான் விளங்கியது. நாலரைக்கு பஸ் நிரம்பியிருந்தது. சாரதி ஸ்ரேறிங்கில் தலையைச் சாய்த்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். கொண்டக்டர் முன்வாசலால் ஏறி, ஆசனக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு பின்னுக்குப் போனார். வாய் முணுமுணுத்தது.

"கச்சேரி நாலு. வங்கி ரெண்டு. கோடு ஒண்டு. கந்தோர் ஒண்டு. ஆஸ்பத்திரி... ஒண்டு, ரெண்டு..." நின்றார். "ஆஸ்பத்திரி ஒண்டு குறையுது."

பஸ் முழுக்க ஒரு பெருமூச்சு. அவர் இறங்கித் தேடப் போய்விட்டார். காலையில் ஏறியவர் எல்லோரும் திரும்பி ஏறும்வரை அந்த பஸ் அசையாது. இதுதான் அவர். அவரைப் பற்றி எத்தனை கதை சொன்னாலும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும்.

அந்தக் காலம் எப்படியிருந்ததென்று சொல்லவேண்டும். சண்டைக் காலத்தில் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டு, இருபது வருடம் புத்தளத்து முகாம்களில் இருந்துவிட்டு நாங்கள் அப்போதுதான் ஊருக்குத் திரும்பியிருந்தோம். காணிக்குள் பற்றை, கிணற்றுக்குள் மண். தறப்பாளும் தகரமும்தான் வீடு. மின்சாரம் இல்லை. கைப்பேசி வைத்திருந்தவர்களுக்கும் அது பாதிநாள் செத்துத்தான் கிடக்கும். எந்தத் துண்டுக் கடதாசிக்கும் மன்னாருக்குப் போகவேண்டும். காலையில் ஒரு பஸ், பின்னேரம் அதே பஸ். அதைத் தவறவிட்டவர் முருங்கன் சந்திவரைக்கும் வேறு பஸ்ஸில் வந்துவிடலாம். அதற்கு அப்பால் காடு. முருங்கனில் தெரிந்த வீடு இல்லாதவர் கடை வாசலில் விடியும்வரை இருக்கவேண்டியதுதான்.

இதெல்லாம் விளங்கியும் எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. நான் நாலேகாலுக்கே போய் யன்னலோரம் இருப்பவள். வீட்டில் உம்மா தனிய. பொழுதுபட்டு மஃரிப் தொழுகைக்கு முன் போய்ச் சேர்ந்தால்தான் விளக்கைக் கொளுத்தித் தண்ணீர் அள்ளிவைக்கலாம். நாளாந்தம் யாரோ ஒருவர் பிந்துவார், நாளாந்தம் நான் கொண்டக்டருடன் சண்டை பிடிப்பேன்.

"நாலரை எண்டா நாலரைதானே? ஒராளுக்காக நாப்பது பேர் காயவேணுமோ?"

"காலமை ஏத்தினதைப் பின்னேரம் இறக்கவேணும்" என்பார். அவ்வளவுதான்.

அவருக்கு ஏன் இந்தப் பிடிவாதம் என்று பஸ்ஸில் ஆளுக்கொரு கதை வைத்திருந்தோம். சண்டைக் காலத்தில் யாரையோ விட்டுவிட்டு மணி அடித்துவிட்டார் என்று ஒருவர். தம்பி ஒருத்தன் போய்த் திரும்பி வரவில்லை என்று இன்னொருவர். ஒருநாள் மீன்காரி ஒருத்தி நேரே கேட்டே விட்டாள். "உங்களுக்கு வேற வேலையில்லையோ? பெட்டியை உள்ளுக்குத் தள்ளுங்கோ" என்றார். எது உண்மை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரி ஒண்டு குறைந்த ஒருநாள், இறங்கிய கொண்டக்டர் திரும்பி என் யன்னலுக்குக் கீழே வந்து நின்றார்.

"கந்தோர், இறங்குங்கோ."

"ஏன்?"

"பொம்பிளையளின்ர வார்ட்டுக்குள்ள நான் போகேலாது. நீங்கள் போய்ப் பாருங்கோ. பச்சை முக்காடு, கையில ஓலைப்பை."

பல்லைக் கடித்துக்கொண்டு போனேன். வார்ட்டில் இல்லை, மருந்து குடுக்கும் இடத்தில் இல்லை. கடைசியில் வெளிநோயாளர் பகுதியில் ஒரு நீட்டு வாங்கில், பச்சை முக்காட்டுடன் ஒரு மனுசி நல்ல நித்திரையில். தலைக்கு நேரே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. எழுப்பிக் கூட்டிவந்தேன். கொண்டக்டர் வாசலில் நின்று வெளுத்து வாங்கினார்.

"நித்திரை கொள்ள உங்களுக்கு வீட்டில இடமில்லையோ?"

"வீட்டில ஃபேன் இல்லையே தம்பி" என்றார் மனுசி.

பஸ் கொல்லென்று சிரித்தது. அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு மணியை இழுத்தார். அவரும் சிரித்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். நான் சிரிக்கவில்லை. அன்று வீட்டுக்குப் போகும்போது இருட்டிவிட்டது.

ஒருமுறை கச்சேரிக்குப் போன ஒருவர் மன்னாரில் மச்சான் வீட்டில் தங்கிவிட்டார். அது தெரியாமல் இவர் முக்கால் மணித்தியாலம் பஸ்ஸை நிற்பாட்டி வைத்திருந்தார். அடுத்தநாள் காலை பஸ் முழுவதுக்கும் பேச்சு. அன்றிலிருந்து எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் வந்தது. மன்னாரில் தங்குகிறவர்கள் காலையிலேயே அவரிடம் சொல்லிவிட வேண்டும், "அண்ணை, இண்டைக்கு நான் வரமாட்டன்" என்று. வீட்டில் சொல்லாமல் வந்தவர்கள்கூட இவரிடம் சொல்லிவிடுவார்கள். அதனால் ஒரு குடும்பத்தில் பெரிய குழப்பமே வந்தது. மனைவியிடம் பின்னேரம் வருவேன் என்று சொல்லிப் போன ஒரு கடைக்கார நானா, இவருடைய காதில் மட்டும் உண்மையைச் சொல்லியிருக்கிறார். பொழுதுபட பஸ் தரிப்பில் காத்துநின்ற மனைவியிடம் இவர் தலையை நீட்டி, "உங்கட ஆள் இண்டைக்கு வராது. காலமையே சொல்லிப்போட்டுது" என்று கத்திவிட்டுப் போய்விட்டார். அந்த வீட்டில் மூன்று நாள் அடுப்பு எரியவில்லை. நானாவுக்கு இவரில் வந்த கோபத்தைப் பார்க்க எனக்கு ஒரு கூட்டாளி கிடைத்தது போலிருந்தது.

கந்தோரிலும் இவரால் எனக்குத்தான் தலையிடி. பஸ் பிந்தி வெளிக்கிட்டால் நேரக்காப்பாளர் ஒரு பத்திரத்தில் குறிப்பார். வெளிக்கிட வேண்டிய நேரம், வெளிக்கிட்ட நேரம், காரணம். காரணத்தைக் கொண்டக்டர் சொல்லவேண்டும். அதை நான் அடுத்தநாள் தட்டச்சுச் செய்து அவருடைய சேவைக் கோப்பில் போடவேண்டும். இவர் ஒருநாளும் காரணம் சொன்னதில்லை. முகாமையாளர் என்னைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டார். நான் போய் இவரைக் கேட்டேன்.

"ஒரு சொல்லுத்தான் அண்ணை. ரயர் காத்துப் போயிட்டுது எண்டாவது சொல்லுங்கோ."

"காரணம் பஸ்ஸுக்குள்ள இருக்கு. உங்கட முகாமையாளர் சேரை வந்து பாக்கச் சொல்லுங்கோ" என்றார்.

இப்படி இருக்கும்போதுதான் சிறந்த சேவைக்குக் கேடயம் கொடுக்கிற சுற்றறிக்கை வந்தது. ஒவ்வொரு டிப்போவும் ஒரு நடத்துநரைச் சிபாரிசு செய்யவேண்டும். பொதுமக்களும் தங்கள் கருத்தைக் கடிதமாக அனுப்பலாம் என்று பஸ் நிலையத்தில் ஒரு அறிவித்தல் ஒட்டினோம். ஒட்டியது நான்தான், கோதுமை மாவுப் பசையில்.

கடிதங்கள் வந்தன. கோப்பு இரண்டு வைத்திருந்தேன். ஒன்று பாராட்டு, மற்றது முறைப்பாடு. எங்கள் பக்கத்திலிருந்து ஒன்பது கடிதம் வந்தது. முதல் கடிதத்தின் கையெழுத்தைக் கண்டவுடனேயே பிடிபட்டது, ஜெசீமா ராத்தாவினது. எங்கள் மாதர் சங்கத்துச் செயலாளர். மேலே பொருள் என்று போட்டு, "நாலரை மணி பஸ் தினமும் பிந்தி வெளிக்கிடுவது தொடர்பானது" என்று எழுதிக் கோடும் கீறியிருந்தார். "இருபது வருடங்களாக அகதிகளாகச் சொல்லொணாத் துயரங்களை அனுபவித்து மீளக்குடியமர்ந்துள்ள நாம்" என்று தொடங்கியது. நான் கடைசி வரிக்குப் போனேன். "ஆகவே, ஐயா அவர்கள் இவ்விடயத்தில் தலையிட்டு, மேற்படி கொண்டக்டர் தொடர்பில் தக்க நடவடிக்கை எடுக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்." கீழே கையொப்பங்களும் பெருவிரல் அடையாளங்களும். மற்ற எட்டும் அதைப் பார்த்து எழுதியவை. ஊர்ப் பெயர் மட்டும்தான் வேறு.

உண்மையைச் சொல்கிறேன். எனக்குச் சந்தோசமாக இருந்தது. ராத்தாவுக்கே பொறுக்கமுடியாமல் போய்விட்டது, இனியாவது நேரத்துக்கு வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்தேன். ஒன்பதையும் முறைப்பாட்டுக் கோப்பில் குத்தினேன். "எத்தினை முறைப்பாடு?" என்று முகாமையாளர் கேட்டார். "ஒம்பது, சேர்" என்றேன். வேறு ஒருவருக்கும் இரண்டுக்கு மேல் இல்லை.

கேடயம் கொழும்பு பஸ்ஸில் நின்ற ஒரு கொண்டக்டருக்குப் போனது. எங்களுடையவருக்கு இடமாற்றம், வேறு மாவட்டத்துக்கு. காரணம்: பொதுமக்கள் முறைப்பாடு. முறைப்பாடு கூடிய பாதை என்பதால் கேடயம் வாங்கியவரையே எங்கள் பஸ்ஸுக்குத் தந்தார்கள். இரண்டு கடிதத்தையும் நான்தான் தட்டச்சுச் செய்தேன், ஒரு பிழை இல்லாமல்.

அன்று பின்னேரம் வழமைபோல வங்கி ஒண்டு குறைந்து பஸ் நின்றுகொண்டிருந்தது. ராத்தா என்னருகில் வந்து இருந்து, காதுக்குள் கேட்டார்.

"எங்கட கடிதம் கிடைச்சதா மகள்? பரிசு அவருக்குத்தானே?"

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"முறைப்பாடுதானே எழுதினீங்க?"

"முறைப்பாடா? நல்ல ஆளைப் பத்தி எழுதச் சொல்லித்தானே ஒட்டியிருந்திச்சு! உனக்குச் சொல்லாம எழுதினது, நீ அந்த மனுசனோட எப்பவும் சண்டைதானே."

அடுத்தநாள் விடிந்ததும் கோப்பை எடுத்து முதல்முறையாக அந்தக் கடிதத்தை முழுக்க வாசித்தேன். இரண்டாம் பக்கத்து நடுவில் இருந்தது. "பஸ் பிந்துவது எங்களுக்காகவே. எங்களில் ஒருவரையும் அவர் மன்னாரில் விட்டுவிட்டு வந்ததில்லை. நாங்கள் இருந்த ஒரு இடத்திலும் எங்களை இப்படி எண்ணிப் பார்த்தவர் கிடையாது. இந்த நிலைமை தொடர்ந்து நீடிக்க ஆவன செய்யவேண்டும்."

ராத்தாவைக் குறைசொல்ல முடியாது. இருபது வருடம் முகாமில் எல்லோருக்கும் கடிதம் எழுதியவர் அவர். நிவாரண அட்டைக்கு, கூடாரத்துக்கு, கிணற்றுக்கு, மலசலகூடத்துக்கு. கஷ்டத்தில் தொடங்கி நடவடிக்கையில் முடிப்பதுதான் கடிதம் என்று நாங்கள் எல்லோருமே பழகியிருந்தோம். நன்றி சொல்லி எழுதும்படி யாரும் எங்களுக்கு ஒன்றும் தந்ததில்லை. முகாமில் வளர்ந்த எனக்கு அந்தக் கடிதம் எப்படி ஓடும் என்று தெரிந்திருக்க வேண்டும். நடுவில் இருப்பதை வாசித்திருக்க வேண்டும். நான் தலையையும் வாலையும் பார்த்துவிட்டுக் குத்தினேன். எங்கள் மனுக்களை இருபது வருடமும் மற்றக் கந்தோர்க்காரர் எப்படிப் பார்த்தார்களோ, அப்படியே.

கோப்பைத் தூக்கிக்கொண்டு முகாமையாளரிடம் ஓடினேன். அவர் ஆறுதலாக வாசித்தார்.

"உங்கட ஆக்கள்தானே தக்க நடவடிக்கை எடுக்கச் சொன்னவை? எடுத்தாச்சு."

"நான்தான் சேர் பிழையாக் கோப்பில போட்டனான். வாசிக்காமல் போட்டனான்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இடமாற்றத்தில மேலிடத்து ஒப்பம் விழுந்திட்டுது. நிப்பாட்டுறதெண்டா நீங்கள் இப்ப சொன்னதை எழுத்தில தரவேணும். தாறீங்களோ?"

என்னுடைய நிரந்தர நியமனம் அப்போது அவருடைய மேசையில்தான் கிடந்தது. இருபது வருடத்துக்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்த முதல் வருமானம் என்னுடைய சம்பளம். உம்மாவை நினைத்தேன். "யோசிச்சுச் சொல்லுறன் சேர்" என்றேன். அவர் ஒரு கிழமை பொறுத்திருந்தார். அதை அவருக்காகச் சொல்லத்தான் வேண்டும். நான் அந்தக் கிழமை முழுவதும் யோசித்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு நாளும் ஒரு தாளை எடுத்துப் பொருள் என்று எழுதுவேன், கோடு கீறுவேன், கிழித்துவிடுவேன். பஸ்ஸில் கொண்டக்டருடன் சண்டை பிடிப்பதையும் விட்டுவிட்டேன். "கந்தோருக்கு என்ன சுகமில்லையோ?" என்று அவர் ஒருநாள் கேட்டார். அவர் என்னைக் கேட்ட ஒரேயொரு நலம் அதுதான்.

அவருடைய கடைசி நாள் வந்தது. பின்னேரம் நாலு மணிக்கு எல்லோரும் போனபிறகும் நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. அவருடைய முகத்தில் முழிக்க என்னால் முடியாது. மன்னாரில் என்னுடன் படித்த ஒருத்தி இருந்தாள், அவளுடைய வீட்டில் தங்கலாம் என்று முடிவுசெய்தேன். உம்மாவுக்கு ராத்தாவிடம் சொல்லியனுப்பியிருந்தேன். ஒன்றைமட்டும் மறந்துவிட்டேன். வரமாட்டேன் என்று காலையில் அவரிடம் சொல்லவில்லை.

நாலரை ஆனது. நாலே முக்கால் ஆனது. பஸ் நிலையம் பக்கமிருந்து ஹோர்ன் சத்தம் கேட்டது, பிறகு இன்னுமொருமுறை. நான் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். ஐந்து மணிக்குக் கந்தோர் வாசலில் செருப்புச் சத்தம். காக்கிச் சட்டை, மேல் பொத்தான் திறந்தபடி.

"கந்தோர் ஒண்டு குறையுது" என்றார்.

"நான் இண்டைக்கு வரேல்ல அண்ணை. ராத்தா சொல்லேல்லையோ?"

"ஆரும் சொல்லலாம். ஏறின ஆள் சொல்லவேணும்."

என்னால் அடக்கமுடியவில்லை. "அண்ணை, அந்தக் கடிதம் ஒம்பதும் உங்களுக்கு நல்லதுக்கு எழுதினது. நான்தான்..."

"ஏறிப்போட்டுச் சொல்லுங்கோ" என்றார். "சனம் பாத்துக்கொண்டு நிக்குது."

முன்னுக்கு அவர் நடந்தார், பின்னால் நான். பஸ்ஸில் எல்லோரும் என்னைத் திட்டினார்கள். கடைக்கார நானா கொஞ்சம் கூடவே திட்டினார். எனக்கு யன்னலோரம் இடம் விட்டிருந்தது. அவர் கம்பிகளைத் தட்டிக்கொண்டு முன்னிருந்து பின்வரைக்கும் போனார். "கச்சேரி மூண்டு. ஆஸ்பத்திரி ரெண்டு. கோடு ரெண்டு. கந்தோர் ஒண்டு." மணியை இழுத்து "றைட்!" என்றார். என்னுடைய தரிப்பில் நான் இறங்கும்வரை ஒன்றரை மணித்தியாலம் இருந்தது. நான் எழும்பிப் போய் அவரிடம் சொல்லவில்லை. அவரும் என்னிடம் கேட்கவில்லை.

அடுத்தநாள் காலை புதிய கொண்டக்டர் வணக்கம் சொல்லி ஏற்றினார். கந்தோரில் என் மேசையில் நேரக்காப்பாளருடைய பத்திரம் வந்து கிடந்தது, பழைய கொண்டக்டருடைய கோப்பில் போடவேண்டிய கடைசிப் பத்திரம். தட்டச்சுப் பொறியில் தாளைச் செருகினேன். வெளிக்கிட வேண்டிய நேரம், நாலரை. வெளிக்கிட்ட நேரம், ஐந்து மணி பத்து நிமிடம். காரணம் என்ற இடத்துக்கு வந்தபோது கையை எடுத்துவிட்டேன். அந்த ஒரு நாளின் காரணம் என்னவென்று எனக்குத் தெரியும். அவர் எப்போதும் விட்டதுபோலவே அந்த இடத்தை நானும் வெறுமையாக விட்டுக் கோப்பில் குத்தினேன். என்னுடைய நிரந்தர நியமனம் அடுத்த மாதம் வந்தது.